கறுத்த கொலுசும் வேதியியல் பாடமும்

வேதியியல் என்றதும் மாணவர் பலருக்கு மனப்பாடம் செய்யவேண்டிய வாய்பாடுகளே நினைவுக்கு வருகின்றன. செம்மங்குப்பத்துப் பிள்ளைகளுக்கோ அது காற்றோடு வீட்டினுள் நுழையும் பொருள். கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையில், உப்பனாற்றங்கரையில் அமைந்த சிப்காட் தொழிற்பேட்டையின் புகைபோக்கிகளைக் கண்டே அவர்கள் வளர்கின்றனர். ஆயினும் ஹைட்ரஜன் சல்பைடின் பண்புகளை வகுப்பில் நாம் வினவினால், “நிறமற்றது, அழுகிய முட்டை நாற்றமுடையது” என ஒப்புவித்துவிட்டு அமர்ந்துவிடுவர். முன்னிரவு தம் அன்னையைச் சன்னல் சாத்தவைத்த நாற்றம் அதுவோ என்று ஒருவரும் எண்ணுவதில்லை.

ஆகவே அப்பாடத்தைக் கொலுசிலிருந்து தொடங்குகிறோம். கறுத்துப்போன வெள்ளிக் கொலுசு ஒன்று வேண்டும் என்றால் மறுநாள் பத்து வந்துவிடும். (இல்லத்தரசியர் பொறுத்தருள்க.) கந்தகம் வெள்ளியோடு கூடியதால் உண்டான படலமே அக்கருமை. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாளை விரித்து, அதன்மேல் படுமாறு கொலுசை வைத்து, சமையல் சோடா கரைத்த வெந்நீரை ஊற்றினால், சில நிமிடங்களில் வெள்ளி தெளியும். மெல்லிய முட்டை நாற்றமும் எழும். வகுப்பு முழுவதும் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கும். அன்று வினைச் சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடுவாரில்லை.

எனினும் வெள்ளி எவ்வூரிலும் கறுக்கும். கொலுசை மட்டும் காட்டி ஆலையைக் குற்றஞ்சாட்டலாகாது என்பதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சான்று திரட்டும் முறையை இவ்வட்டாரத்து மக்களே காட்டியிருக்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் சிப்காட்டைச் சூழ்ந்த சிற்றூரார் சிலர் பயிற்சி பெற்று, இன்ன நேரம், இன்ன திசைக் காற்று, இன்ன நாற்றம் என்று குறித்துவைத்தனர். பிளாஸ்டிக் வாளிக்குள் பை பொருத்திய எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினர். புற்றுநோய் விளைவிக்கவல்லவை உட்படப் பல நச்சுப்பொருள்கள் அதில் தென்பட்டன.

அடுத்தது கணக்கு. ஹைட்ரஜன் 2, கந்தகம் 32, ஆக 34. காற்றின் சராசரி மூலக்கூறு நிறையோ ஏறத்தாழ 29. எனவே இவ்வாயு பள்ளத்திலும் கிணற்றிலும் கழிவுத்தொட்டியிலும் தேங்கும். இதனினும் முக்கியமான செய்தி ஒன்றுண்டு: பத்து இலட்சம் பங்கு காற்றில் இது 100 பங்கை எட்டினால் மூக்கு மரத்துப்போகும். நாற்றம் நின்றுவிடும், நஞ்சு நில்லாது.

2025 மே மாதத்தில் குடிகாட்டில் ஓர் ஆலையின் கழிவுநீர்த் தொட்டி வெடித்து வீடுகளுக்குள் நீர் புகுந்ததைப் பிள்ளைகள் அறிவர். ஆதலால், வாயு கசிந்தால் காற்று வீசும் திசைக்குக் குறுக்காக நடந்து மேட்டிடம் சேரவேண்டும் என்று விளக்கி, அவரவர் வீட்டிலிருந்து செல்லத்தக்க வழியை வரைந்து வருமாறு பணித்தோம். ஒரு மாணவன் தெருவையும் இருப்புப்பாதையையும் ஒழுங்காக வரைந்து, காற்றுக்கு அம்புக்குறியும் இட்டிருந்தான். தன் வீட்டருகே சிறிய எழுத்தில், “ஆயாவால் நடக்க முடியாது” என்று எழுதியிருந்தான்.