மின்வெட்டும் ஒரு முகவரிதான்

2014 சூலை முதல் நாள் டூல்சர்வர் என்ற வழங்கி நிறுத்தப்பட்டது. விக்கிமீடியா செருமனி 2005 முதல் நடத்திவந்தது அது. விக்கிப்பீடியாவில் எழுதுவோருக்காக ஆர்வலர்கள் ஊதியமின்றி ஆக்கிய சிறு கருவிகள் பல அதில் ஓடின. பேணுவோர் இருந்த கருவிகள் அறக்கட்டளையின் டூல் லேப்சுக்குக் குடிபெயர்ந்தன. கேட்பாரற்றவை அங்கேயே மடிந்தன.

சேலம், நாமக்கல் பக்கமிருந்து தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதும் எங்களுக்கு அவற்றுள் மிகவும் பிடித்தது தொகுப்பு எண்ணி. யார் எத்தனை திருத்தம் செய்தார் என்று சொல்லும் கருவி. சிறு பிள்ளைத்தனமான பெருமைக்கு நல்ல தீனி. ஆனால் எந்த மாதத்தில் எவ்வளவு, எந்தப் பக்கங்களில் மிகுதி என்ற விரிவான கணக்கை, உரியவர் இசைந்தால் மட்டுமே டூல்சர்வரில் காட்டலாம். செருமனியின் தரவுக் காப்புச் சிந்தனை அவ்விதிக்குப் பின்னால் இருந்தது.

வழங்கி அமெரிக்காவுக்கு மாறும்போது இவ்விதி எதற்கு என்று 2013இல் மேல்விக்கியில் விவாதம் எழுந்தது. ஒவ்வொரு திருத்தத்தின் நேரமும் ஏற்கெனவே யாவருக்கும் தெரிவதுதானே, கூட்டிக் காட்டினால் என்ன என்பது ஒரு தரப்பு. கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. எங்கள் ஊர்க் கண்ணால் பார்த்தால் அப்படியில்லை.

2012ஆம் ஆண்டு மின்வெட்டை எண்ணிப் பாருங்கள். இப்பகுதியில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் இல்லாதிருந்த நாள்கள் உண்டு. ஊருக்கு ஊர் வெட்டு நேரம் வேறு. புனைபெயரில் எழுதும் ஒருவரின் ஓராண்டுத் திருத்தங்களை மணிவாரியாக அடுக்கினால், வெற்றிடமாக நிற்கும் மணிகளே அவர் ஊரை ஓரளவு காட்டிக்கொடுத்துவிடும். குமாரபாளையத்தில் விசைத்தறி ஓட்டுபவரின் இரவு ஷிப்டு அதில் தெரியும். பள்ளி ஆசிரியர் வகுப்பு நேரத்தில் எழுதினாரா என்று தலைமையாசிரியர் பார்க்கலாம். சாதியையோ உள்ளூர் அரசியலையோ பற்றி எழுதுபவருக்கு இது விளையாட்டன்று. தனி நெல்மணி எதுவும் சொல்லாது. குவித்தால் எந்த வயல் என்று தெரிந்துவிடும்.

புதிய வீட்டில் நல்ல ஏற்பாடுகளும் இருந்தன. கடவுச்சொல், மின்னஞ்சல் முதலியவை நீக்கப்பட்ட நகல் தரவுத்தளமே கருவி ஆக்குவோருக்குக் கிடைத்தது. கருவியைப் பயன்படுத்துவோரின் ஐ.பி. முகவரியும் அதை ஆக்கியவருக்குப் போகாது. ஆனால் இவையெல்லாம் ஒளித்துவைத்த தரவுக்கான காப்பு. வெளிப்படையான தரவைக் குவிப்பதற்கு முன் கேட்கும் மரியாதை வேறு. சட்டம் கூடவே வராத இடத்தில் அதை மனிதர்கள்தாம் தூக்கிச் செல்ல வேண்டும்.

தூக்கிச் சென்றார்கள் என்றே சொல்ல வேண்டும். இன்றைய எக்ஸ்டூல்சில் மணிவாரிக் கணக்கு வேண்டுவோர், இசைவுக்கு அடையாளமாகத் தம் பெயரின் கீழ் ஒரு துணைப்பக்கம் உருவாக்க வேண்டும். முனைந்தால் எவரும் சொந்தமாகக் கணக்கிட்டுக்கொள்ளலாம். ஆகவே இது மதில் அன்று, வேலிதான். எங்களுள் சிலர் அத்துணைப்பக்கத்தை உருவாக்கிவிட்டோம். தறி ஓட்டும் நண்பர் இன்னும் உருவாக்கவில்லை, நாங்களும் ஏனென்று கேட்டதில்லை.