போடிமெட்டுக் காதும் ஹேவ்லாக் கடலும்

கல்யாணமாகி பதினோரு வருஷம் கழிச்சு, ஏலக்கா வித்த காசுல அந்தமான் போனோம் மக்களே. பட்ஜெட் பயணம், அதனால ஹேவ்லாக்குக்கு (2018லருந்து ஸ்வராஜ் த்வீப்) அரசாங்கக் கப்பல்தான்.

தங்கமணிக்கு நீச்சல் தெரியாது. கூடவே ஆள் பிடிச்சுக்கிட்டு வர்ற முதல் டைவுக்கு அது வேணாம்னாங்க. ஆனா ரெண்டு மீட்டர்லயே காதைக் காட்டி, மேல போலாம்னு சைகை பண்ணுனா. போடிமெட்டுலருந்து 17 கொண்டை ஊசி வளைவு இறங்குறப்ப அடைக்குமே, அதே சங்கதிதான். என்ன, ஆயிரம் மீட்டர் மலை இறங்கினா கூடுற அழுத்தம் கடல்ல ஒரு மீட்டர் சொச்சத்துலயே வந்துடுது! பத்து மீட்டர்ல ரெண்டு மடங்கு. வலிச்சா கொஞ்சம் மேல ஏறி, மூக்கைப் பொத்தி மெல்ல ஊதணும். மூச்சை மட்டும் அடக்கவே கூடாது.

மூணாவது தடவை காது திறந்துச்சு. அவ்வளவுதான், என் கையை உதறிட்டு ட்ரெய்னரோட ஒரு கிளிமீன் பின்னாடி போயிட்டா.