கொளத்தூர் டு வேப்பேரி... ஒரு லவ் பேர்ட்ஸ் ரூட்!

சென்னையில கொளத்தூர்னு சொன்னாலே வண்ண மீன்தான் ஞாபகம் வரும். ஆனா, மீன் தொட்டிகளைத் தாண்டி நடந்தா, சில கடை வாசல்ல ஒரு ‘கீச் கீச்’ கோரஸ் காதைப் பிடிச்சு இழுக்கும். கூண்டுக்குள்ள பச்சை, மஞ்சள், நீலம்னு நெருக்கியடிச்சு உட்கார்ந்திருக்கும் குட்டிப் பறவைங்க. ஊரே இதை ‘லவ் பேர்ட்ஸ்’னு கூப்பிடுது. நிஜ லவ் பேர்ட் ஆப்பிரிக்கா பார்ட்டி பாஸ்! இது ஆஸ்திரேலியாவோட பட்ஜி. 1840-ல ஜான் கூல்டுங்கிற பறவையியலாளர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டுபோக, அப்புறம் உலகம் பூரா வீடு பிடிச்சிருச்சு. (நம்ம பச்சைக்கிளியைக் கூண்டுல அடைச்சா 1972-ம் வருஷத்து வன உயிரினச் சட்டப்படி கேஸ். இதுக்கு அந்தச் சிக்கல் இல்லை.)

பாக்கெட் மணியில ஒரு ஜோடி வாங்கி, மூணாம் நாள் செத்துப்போச்சுன்னு புலம்பாத செட் எந்த காலேஜ்ல இருக்கு? பல சமயம் அந்தப் பறவை கடையிலயே நோயாளி. காட்டுல சோர்ந்து தெரிஞ்சா பருந்துக்கு டிபன். அதனால நீங்க கிட்ட போனதும் விறைப்பா நிமிர்ந்து நடிக்கும். நாலடி தள்ளி பத்து நிமிஷம் சும்மா நில்லுங்க. நடிப்பு கலையும். பகல்லயே பந்து மாதிரி உப்பி, கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருக்கா? மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடுதா? பின்பக்கம் எச்சம் ஒட்டியிருக்கா? அலகுல சுண்ணாம்பு மாதிரி பொரிஞ்சிருந்தா அது சிரங்குப் பூச்சி. கூட்டத்துல ஒண்ணு இப்படி இருந்தாலும் அந்தக் கூண்டையே விட்டுடுங்க. ‘பாவம்’னு தூக்கிட்டு வந்தா, வீட்டுல ஏற்கெனவே இருக்கிற ஜோடிக்கும் சேர்த்து வினை. நல்ல பறவையா வாங்கினாலும் ஒரு மாசம் தனி அறைதான்.

சாப்பாட்டுல நம்ம ஆளுங்க பண்ற கூத்து, வருஷம் பூரா தினை மட்டுமே போடறது. மூணு வேளையும் பரோட்டா சாப்பிடற ஹாஸ்டல்வாசி கதைதான்! கொழுப்பு ஏறும், வைட்டமின் ஏ இறங்கும். கொத்தமல்லி, துருவின கேரட், கடிக்க ஒரு துண்டு கடல் நுரை, இதெல்லாம் வேணும். அவகேடோ, சாக்லேட் விஷம். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை ஆகாது. எல்லாத்தையும்விட மோசம், அடுப்புல காயவிட்டு மறந்த நான்ஸ்டிக் தவா. அந்தப் புகை கொஞ்ச நேரத்துலயே பறவையைக் கொன்னுடும்.

கிச்சன் தராசு இருந்தா வாரம் ஒருதரம் எடை பாருங்க. கடைகள்ல கிடைக்கிற பட்ஜி பெரும்பாலும் 30-லிருந்து 40 கிராம். நாலு கிராம் குறைஞ்சா, அறுபது கிலோ ஆளு ஆறு கிலோ இளைச்ச மாதிரி. உப்பின இறகுக்குள்ள அது கண்ணுக்குத் தெரியாது.

அறிகுறி தெரிஞ்சா நேரா வேப்பேரி. 1903-ல ஆரம்பிச்ச சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியோட ஆஸ்பத்திரி அங்கதான். கடையில தர்ற கலர் பவுடரைத் தண்ணியில கலக்கற வேலை வேண்டாம். நோயாளிப் பறவை சரியா குடிக்காது, எவ்வளவு மருந்து உள்ளே போச்சுன்னும் தெரியாது. பறவை சாப்பாட்டை நிறுத்தினா ‘நாளைக்குப் பாக்கலாம்’ங்கிற பேச்சே கிடையாது. பொண்ணு பறவை தரையில உட்கார்ந்து முக்கிக்கிட்டே இருந்தா முட்டை சிக்கியிருக்கலாம், அது எமர்ஜென்சி. கிளம்பற வரைக்கும் கூண்டோட ஒரு பக்கம் மட்டும் பல்பு போட்டு கதகதப்பா வைங்க. சூடு அதிகமானா அது தானே நகர்ந்துக்கும். கூண்டைக் கழுவாம, எச்சம் விழுந்த பேப்பரோட, துணி போர்த்தி எடுத்துட்டுப் போங்க. டாக்டருக்கு அந்தப் பேப்பர்தான் முதல் ரிப்போர்ட்.

கிளி இனத்துக்காய்ச்சல் ஒண்ணு மனுஷனுக்கும் ஒட்டும். அதனால கூண்டைத் தொட்டா சோப்பு போட்டுக் கை கழுவுங்க. உங்களுக்கே காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தா, வீட்டுல பட்ஜி இருக்குன்னு உங்க டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. வேப்பேரியில நாய்க்குட்டிகளுக்கு நடுவுல வரிசையில நிக்கும்போது, கூண்டை மடியில வச்சுக்கங்க, தரையில வேண்டாம். மூச்சு வாங்குதுன்னா வரிசை வர்ற வரைக்கும் காத்திருக்காம உடனே போய்ச் சொல்லுங்க.