ட்ரவுட்டுக்கு ஒரு கேமரா: யெல்லோஸ்டோன் நாட்குறிப்பு

செப்டம்பர் 16, வெஸ்ட் யெல்லோஸ்டோன்

மீன்பிடி அனுமதிச் சீட்டு வாங்கியாயிற்று. மொன்டானா மாநில உரிமம் பூங்காவுக்குள் செல்லாது; யெல்லோஸ்டோனுக்குத் தனிச் சீட்டு. கூடவே விதிகளும் வந்தன. ஈயக் குண்டு கூடாது. தூண்டில் முள்ளில் எதிர்முள் இருக்கக் கூடாது. இருந்தால் குறட்டால் நசுக்கிவிட வேண்டும். மண்புழு உட்பட எந்த உயிர் இரையும் கூடாது. ஃபயர்ஹோல், மாடிசன் ஆறுகளில் ஃப்ளை மட்டும்தான். காவிரிக் கரையில் புழு தோண்டி வளர்ந்தவனுக்கு இது கொஞ்சம் அந்நியம்தான், ஆனால் படிக்கப் படிக்க நியாயம் புரிகிறது. விடப்போகும் மீனைப் பிடிப்பதற்கான விதிகள் இவை.

அப்படியானால் வீட்டுக்குக் கொண்டுபோக மிஞ்சுவது படம் ஒன்றுதான். அதற்கு எந்தக் கேமரா வாங்குவது என்று முடிவு செய்யத்தான் மேஜை முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறோம். மைத்துனனுடைய ஃபுல் ஃபிரேம் மிரர்லெஸ், அதற்கு முழங்கை நீளத்தில் ஒரு லென்ஸ். இரவல் வாங்கிவந்த, நீர்புகாத சிறு கேமரா ஓஎம் சிஸ்டம் டிஜி-7. ஒரு கோப்ரோ. என் கைபேசி.

"அத்தான், இந்த லென்ஸ்ல எடுத்தா செதிலையே எண்ணிடலாம்."

"எண்ணி முடிக்கிறவரைக்கும் அது நிக்கணுமே மாப்ளே."

செப்டம்பர் 17, ஃபயர்ஹோல் ஆறு

விடிகாலையில் ஆறு முழுக்க ஆவி. கரையோரத்து வெந்நீர் ஊற்றுகள் நேராக ஆற்றில் வடிகின்றன. எதிர்க்கரையில் காட்டெருமைகள் மேய்கின்றன. கோடையில் இந்தத் தண்ணீர் ட்ரவுட் மீன்களால் தாங்க முடியாத அளவுக்குச் சூடேறிவிடும். இரவுக்குளிர் தொடங்கியபின் செப்டம்பரில் மீண்டும் பதமாகிறது.

ஃபயர்ஹோல் அருவிக்கு மேலே 1889 வரை மீனே கிடையாது. அருவியை ஏறி வர அவற்றால் முடியவில்லை. பூங்காவில் மீன் விடத் தொடங்கியது அந்த ஆண்டில்தான். ஐரோப்பாவின் பிரவுன் ட்ரவுட்டும், அமெரிக்காவின் பசிபிக் கரைப்பக்கத்து ரெயின்போ ட்ரவுட்டும் பிறகு இந்த ஆற்றில் நிலைத்துவிட்டன. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹெச்.சி. வில்சன் நம் நீலகிரியில், அவலாஞ்சிப் பக்கம் வளர்த்துவிட்ட ரெயின்போவும் இதே இனம்தான். வெள்ளைக்காரர் போன மலையெல்லாம் இந்த மீனும் போயிருக்கிறது.

ஃப்ளை என்பது முள்ளில் இறகும் மயிரும் சுற்றிக் கட்டிய பொய்ப்பூச்சி. எடையே இல்லாதது. நம்மூர்த் தூண்டிலில் குண்டின் எடைதான் நரம்பை இழுத்துக்கொண்டு போகும், இங்கே தலைகீழ். எடை முழுவதும் தடித்த, பூச்சு போட்ட கயிற்றில் இருக்கிறது. ஒன்பதடிக் கோலைப் பின்னுக்கு வீசி, கயிறு முழுவதும் பின்னால் விரிந்து நீளும்வரை பொறுத்து, பிறகு முன்னுக்கு வீச வேண்டும். மாட்டுக்காரன் சாட்டையைச் சொடுக்குவது போலத்தான், சத்தம் மட்டும் வரக் கூடாது. சொடுக்கொலி கேட்டால் பூச்சி பின்னாலேயே அறுந்து போயிருக்கும். கயிற்றின் முனையில் கண்ணுக்குத் தெரியாத தங்கூஸ். பூச்சி தண்ணீரின் வேகத்திலேயே மிதந்து வர வேண்டும். கயிறு அதைக் கொஞ்சம் இழுத்தாலும் மீன் திரும்பிப் போய்விடும். நாள் முழுக்கச் செய்வது இந்த இழுவையைத் தவிர்க்கும் வேலைதான்.

மேகம் மூடியதும் சிறு ஆலிவ் நிறப் பூச்சிகள் எழும்பின. ஓரடி நீளத்தில் ஒரு பிரவுன் வந்தது. இடுப்பளவுத் தண்ணீர், இடக்கையில் ரப்பர் வலை, கக்கத்தில் கோல். மிச்சம் ஒரு கை. அந்த ஒரு கைதான் கேமராவுக்கு.

இனிமேல் இதை மறக்காமல் கணக்குப் போட வேண்டும். கைபேசியை எடுத்தேன். ஈர விரலைத் திரை ஏற்கவில்லை, தொட்ட இடம் ஒன்று, திறந்தது வேறொன்று. நிமிர்த்திப் பிடித்ததும் திரையே கறுத்துவிட்டது. போலரைஸ்டு கண்ணாடி போட்டிருப்பவர்களுக்கு இது தெரிந்த கதை. கண்ணாடியும் திரையும் ஒளியை வெவ்வேறு திசையில் வடிகட்டினால் நடுவில் இருட்டுதான். படுக்கைவசமாகத் திருப்பினால் தெரியும் அல்லது கண்ணாடியை நெற்றிக்கு ஏற்ற வேண்டும். அதற்கு இன்னொரு கை வேண்டும்.

மைத்துனன் கரையில் பையின் ஜிப்பைத் திறந்துகொண்டிருந்தான். மீன் வலையிலிருந்து தானாகவே கிளம்பிப் போனது.

செப்டம்பர் 18

மழை. கோல்கள் சுவரோரம் காய்கின்றன. காலணி, கால்சட்டை, கேமராப் பட்டை எல்லாவற்றையும் கழுவி உலர்த்தினோம். ஃபயர்ஹோலிலும் மாடிசனிலும் நியூசிலாந்துச் சேற்றுநத்தை 1990களிலேயே வந்துவிட்டது. எள்ளளவே இருக்கும். ஈரப் பட்டையில் ஒட்டிக்கொண்டு அடுத்த ஆற்றுக்குப் பயணம் போகும். கேமரா வாங்கும்போது பட்டை சட்டென்று உலருமா என்று யாரும் பார்ப்பதில்லை. துணிப்பட்டை வேண்டாம்.

ஊரில் ஒரு மீன்பிடிக் கடையின் கண்ணாடி அலமாரியில் பழைய நிக்கோனோஸ் ஒன்று இருந்தது. 1963இல் நிக்கோன் வெளியிட்ட ஃபிலிம் கேமரா. உறை ஏதும் இல்லாமல் அப்படியே தண்ணீருக்குள் இறங்கும். கடலாய்வாளர் கூஸ்தோவின் குழுவுக்காக பிரான்சில் உருவான கலிப்ஸோ கேமராவிலிருந்து வந்தது. தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு வளையத்தைத் திருப்ப வேண்டும், தானியங்கிக் குவியம் என்ற பேச்சே இல்லை. தடித்த கையுறையோடும் இயக்கக்கூடிய பெரிய திருகுகள். நம் காலத்துக் கேமராக்களில் எனக்கு இல்லாமல் போனதாகத் தோன்றுவது அந்தத் திருகுகள்தான்.

செப்டம்பர் 19, லமார் பள்ளத்தாக்கு

நாரிஸ், மாமத் வழியாக நீண்ட பயணம். சாலையோரம் பீரங்கி போன்ற லென்ஸ்களோடு ஒரு கூட்டம். 1995இல் இங்கே திரும்பக் கொண்டுவந்து விடப்பட்ட ஓநாய்களின் வம்சத்தைப் பார்க்கக் காத்திருப்பவர்கள். மைத்துனனின் லென்ஸுக்கு அங்கே நல்ல மரியாதை. "நீங்க போங்க அத்தான்" என்று அங்கேயே தங்கிவிட்டான். அந்த லென்ஸின் சரியான இடமும் அதுதான்.

நான் சோடா பியூட் ஓடையில் இறங்கினேன். இங்கே கதை வேறு. ஃபயர்ஹோலைப் போல வந்தேறிகளின் ஆறு அல்ல, கட்த்ரோட் ட்ரவுட்டின் சொந்த ஊர். தாடைக்கு அடியில் செம்மஞ்சள் கீற்று இரண்டு, வெண்கல நிற உடம்பு, வால் பக்கம் அடர்ந்த கரும்புள்ளிகள். ரெயின்போவும் இதுவும் ஒரே பேரினம்; இரண்டும் வசந்தத்தில் முட்டையிடும், கலந்தால் பிறக்கும் குஞ்சுகளும் இனம் பெருக்கும். விட்டுவிட்டால் சில தலைமுறைகளில் கட்த்ரோட் கரைந்து போகும். அதனால் லமார் படுகையின் மேற்பகுதியில் விதி கடுமையானது: கட்த்ரோட்டை உயிரோடு விட்டாக வேண்டும், ரெயின்போவையும், அடையாளம் தெரியும் கலப்பினத்தையும் கொன்றாக வேண்டும்.

பிடித்த மீனைக் கொல்லச் சொல்லும் விதி கேட்க உறுத்தும். ஆனால் யெல்லோஸ்டோன் ஏரியில் யாரோ கொண்டுவந்து விட்ட லேக் ட்ரவுட் 1994இல் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு நடந்ததைப் படித்தவர்களுக்கு உறுத்தாது. அது கட்த்ரோட்டைத் தின்று பெருகியது. கட்த்ரோட் முட்டையிட ஓடைகளுக்கு ஏறும். கரடியும் விரால் அடிப்பானும் அங்கே காத்திருக்கும். லேக் ட்ரவுட்டோ ஏரியை விட்டு ஏறுவதே இல்லை. மீன் ஒன்று மாறியதில் கரடியின் உணவும் மாறிப்போனது. விதி சரி என்பதே என் கட்சி.

இங்கேதான் படம் வெறும் ஞாபகப் பொருள் என்ற நிலையிலிருந்து உயர்கிறது. கலப்பினத்திலும் தாடைக் கீற்று இருக்கலாம். துடுப்புகளின் முனை வெளுத்திருக்கிறதா, தலையின் மேல் புள்ளிகள் எத்தனை, உடம்புப் புள்ளிகள் வால் பக்கம் கூடியிருக்கின்றனவா, முழுக்கச் சிதறியிருக்கின்றனவா என்றெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். மீனைத் தூக்கிவைத்துக்கொண்டு ஆராய முடியாது. வலைக்குள், தண்ணீரிலேயே கிடத்தி, பக்கவாட்டில் முழு உருவம் ஒன்று, தாடைக்கு அடியில் ஒன்று. அவ்வளவு போதும். சந்தேகம் என்றால் விட்டுவிடுவது.

டிஜி-7ஐ இன்றுதான் முழுதாகப் பயன்படுத்தினேன். 12 மெகாபிக்சல், விரல்நகத்தைவிடச் சிறிய சென்சார். புள்ளிவிவரத்தில் என் கைபேசியே ஜெயிக்கும். ஆனால் 15 மீட்டர் ஆழம்வரை உறை இல்லாமல் போகும், லென்ஸ் எஃப்/2 வரை திறக்கும், ஒட்டிக் கிடக்கும் மீனின் கண்ணையும் குவியத்துக்குக் கொண்டுவரும். எல்லாவற்றையும்விட, அதற்கு உண்மையான பொத்தான் இருக்கிறது. சட்டைப்பையிலிருந்து வெளியே வரும்போதே கட்டைவிரல் அதைத் தேடிவிடுகிறது. பாதி அழுத்தி வைத்தால், முழுதாக அழுத்துவதற்கு அரை நொடி முன்னாலிருந்தே படங்களைச் சேமிக்கும் ஒரு வசதியும் உண்டு. மீன் வாலைச் சொடுக்கிக் கிளம்பும் கணத்துக்கு அது அருமை.

குறைகளும் உண்டு. முகப்புக் கண்ணாடியில் ஒரு துளி நின்றால் படம் முழுக்க மங்கல். நாக்கால் நக்கிவிட்டால் நீர் துளியாகத் திரளாமல் படலமாகப் பரவிவிடும். பார்க்க அசிங்கம், வேலை செய்கிறது. மாலை மங்கியதும் படத்தில் மணல் தூவியது போல் புள்ளி விழுகிறது. ஓநாய்க்காரர்களிடம் இதைக் காட்டினால் சிரிப்பார்கள்.

செப்டம்பர் 20

நேற்றைய படங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஒரு பழைய ஆய்வு நினைவுக்கு வந்தது. 1992இல் ஃபெர்குசன், டஃப்ட்ஸ் என்ற இருவர் கனடாவில் செய்தது. ரெயின்போ ட்ரவுட்டுகளைக் களைத்துப்போகும்வரை துரத்திவிட்டு, ஒரு பகுதியைத் தண்ணீரிலேயே விட்டார்கள்; அடுத்த பகுதியை 30 நொடி காற்றில் வைத்தார்கள்; மூன்றாவதை 60 நொடி. 12 மணி நேரத்தில் முதல் கூட்டத்தில் செத்தது 12 விழுக்காடு. 30 நொடிக் கூட்டத்தில் 38. ஒரு நிமிடக் கூட்டத்தில் 72.

ஆய்வுக்கூடத்து மீன்கள், அளவுக்கு மீறிய களைப்பு. ஆற்றில் பிடித்துச் செய்த பிற்கால ஆய்வுகள் பலவற்றில் சாவு இதைவிடக் குறைவு. இருந்தாலும் திசை தெளிவு. காற்றில் செவுள் இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிச் சுருண்டுவிடுகின்றன. ஓடிக் களைத்தவனின் மூக்கையும் வாயையும் பொத்துகிறோம், அதுவும் புகைப்படத்துக்காக.

லீ வுல்ஃப் 1939இலேயே நல்ல மீனை ஒருமுறை பிடித்ததோடு தீர்த்துவிடக் கூடாது என்று எழுதினார். பிடித்து விடும் வழக்கம் அமெரிக்காவில் பரவியதில் அவருக்குப் பெரிய பங்குண்டு. ஆனால் அந்த வழக்கத்தின் கூடவே ஒரு படமும் பரவிவிட்டது: மீனை மார்புக்கு நேரே தூக்கி, கைகளை லென்ஸ் பக்கம் நீட்டி, பல்லைக் காட்டும் படம். நீட்டினால் மீன் பெரிதாகத் தெரியும். விரல்களும் பெரிதாகும் என்பது அவர்களுக்கு உறைப்பதில்லை. அந்தப் படத்தில் மீன் எப்படி இருந்தது என்பதே தெரியாது. சட்டை என்ன நிறம் என்று தெரியும்.

எனவே கேமராவை மதிப்பிட எனக்கு இப்போது ஒரே அளவுகோல்தான். மீனைத் தண்ணீரை விட்டு எடுக்கத் தூண்டுகிறதா, தண்ணீரிலேயே வைத்திருக்க உதவுகிறதா?

செப்டம்பர் 21, மீண்டும் ஃபயர்ஹோல்

வெயில். தண்ணீருக்கு மேலிருந்து எடுத்தால் வானம்தான் விழுகிறது. போலரைஸ்டு கண்ணாடியைக் கழற்றி கைபேசியின் லென்ஸுக்கு முன்னால் பிடித்துத் திருப்பியதும் அடித்தரைக் கூழாங்கல்வரை துலங்கியது. நீர்ப்பரப்பிலிருந்து ஏறத்தாழ 37 பாகைச் சாய்வில் பார்க்கும்போது இந்த வித்தை முழுதாகப் பலிக்கும். ஆற்றில் நிற்கும் மீனைப் பிடிக்காமலே எடுக்க இதுவே வழி. மைத்துனனின் கேமரா இதற்கு ராஜா: கரையில் உட்கார்ந்து, லென்ஸில் போலரைசர் மாட்டி, பூச்சியை உறிஞ்ச மேலே வந்த ஒரு ரெயின்போவின் மூக்கை எடுத்தான். இந்தப் பயணத்தின் ஆகச் சிறந்த படம் அதுதான். சொல்லாமல் இருந்தால் அநியாயம்.

கைக்கு வந்த மீனுக்கு வெயில் வேறு தொல்லை. அதன் மினுக்கம் தோலிலுள்ள குவானின் படிகங்களால் வருவது, சின்னஞ்சிறு கண்ணாடிகள். நேர்வெயிலில் பாதி உடம்பு வெள்ளையாக வெந்துபோகும். நம் நிழலை மீன் மேல் விழவைத்து, ஒளியளவை முக்கால் படி குறைத்து வைத்தால் நிறம் நிற்கிறது. ஃபிளாஷை நினைக்கவே வேண்டாம்.

கோப்ரோவை மூழ்கடித்துப் பார்த்தேன். ஒளி விலகலால் தண்ணீருக்குள் பொருள்கள் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும் என்பது பாடப்புத்தகம். ஆனால் அதன் அகலப் பார்வையில் ஓரடி மீனும் நெத்திலியாகிவிடுகிறது. ஒரு சாண் நெருங்கினால்தான் உண்டு. சலனப்படத்துக்குச் சரி; புள்ளி பார்த்து இனம் காண உதவாது.

செப்டம்பர் 22

கிளம்புகிறோம். முடிவு எழுதிவிடலாம். ஆற்றில் இறங்குபவனுக்கு டிஜி-7 வகைக் கேமரா. அதையே வாங்கப் போகிறேன். கரையில் உட்காரும் பொறுமையும், துணைக்கு ஓர் ஆளும் உள்ளவர்களுக்குப் பெரிய கேமராவும் போலரைசரும். ஆனால் மழைச் சாரலைத் தாங்குவது வேறு, மூழ்கினால் தாங்குவது வேறு என்பதை விற்பவர் சொல்லமாட்டார். கைபேசி போதும் என்பவர்களோடு சண்டை இல்லை. ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள்: ஐபி68 என்ற நீர்காப்புத் தரம் புதிய கருவிக்கு, அசையாத நன்னீரில் நடத்திய சோதனை. ரப்பர் அடைப்பு வயதாக ஆகத் தளரும்.

கடைக்குப் போகும்போது மெகாபிக்சல் கேட்காதீர்கள். ஒரு கையை நனைத்துக்கொண்டு, மற்றதை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அந்தக் கேமராவைச் சட்டைப்பையிலிருந்து எடுத்து, இயக்கி, ஒரு படம் எடுத்துப் பாருங்கள். நீங்கள் மூச்சைப் பிடித்திருக்கும் நேரத்துக்குள் முடிந்தால் வாங்குங்கள்.