எந்த ஆல்பம், எந்த நேரம்

எலெக்ட்ரானிக் இசையை எங்கே தொடங்கலாம் என்று ஆர்வத்தோடு கேட்பவருக்குப் பெரும்பாலும் கிடைப்பது ஒரு பட்டியல். கிராஃப்ட்வெர்க், டேஞ்சரின் ட்ரீம், பிரையன் ஈனோ, ஏஃபெக்ஸ் ட்வின் என்று பெயர்கள், பக்கத்தில் ஆண்டுகள். பட்டியலில் பிழை இருக்காது. ஆனாலும் கேட்டவர் இரண்டு மூன்று ஆல்பங்களைத் திறந்து, கொஞ்ச நேரம் காத்திருந்து, "ஒன்றுமே நடக்கவில்லையே" என்று மூடிவிடுகிறார். இதற்கு அவருடைய ரசனையைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை. பரிந்துரைத்தவர் பாதி வேலையைத்தான் செய்திருக்கிறார். ஆல்பத்தின் பெயர் ஒரு பாதி என்றால், அதை எப்போது, எங்கே, எவ்வளவு சத்தத்தில், எத்தனை நேரம் கேட்பது என்பது மறுபாதி. எல்லா இசைக்கும் இது ஓரளவு பொருந்தும். எலெக்ட்ரானிக் இசையின் ஒரு கிளையான, சூழலோடு கலந்து ஒலிக்கும் ஆம்பியன்ட் இசைக்கோ முழுமையாகப் பொருந்தும்.

இதை நான் என் விருப்பத்துக்காகச் சொல்லவில்லை. இந்த இசையை உருவாக்கியவர்களே கேட்கும் நிலையையும் சேர்த்தே உருவாக்கினார்கள். 1975-இல் வந்த 'டிஸ்க்ரீட் மியூசிக்' உறையில், இதைக் குறைந்த சத்தத்தில், அடிக்கடி காதுக்கு எட்டாமலே போகும் அளவுக்குத் தாழ்த்தி வைத்துக் கேட்கலாம் என்று ஈனோ எழுதினார். மூன்று ஆண்டுகள் கழித்து அவர் செய்த 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தின் பெயரே அதன் இடத்தைச் சொல்லிவிடுகிறது. வார்ப் இசைத்தட்டு நிறுவனம் 1992-இல் வெளியிட்ட 'ஆர்ட்டிஃபிஷியல் இன்டெலிஜென்ஸ்' தொகுப்பின் உறையில் ஓர் இயந்திர மனிதன் சாய்வு நாற்காலியில் கிடக்கிறான், தரையில் கிராஃப்ட்வெர்க், பிங்க் ஃபிளாய்ட் இசைத்தட்டுகள். நடன அரங்கில் பிறந்த ஒலிகளை இனி வீட்டில் உட்கார்ந்து கேளுங்கள் என்று அந்தப் படம் சொல்கிறது. இத்தனை தெளிவாக அவர்களே சொல்லியிருப்பதை விட்டுவிட்டு, பெயரை மட்டும் எழுதிக் கொடுப்பது எப்படிப் பரிந்துரையாகும்?

எதை எதிர்பார்க்க வேண்டாம் என்பதையும் முன்கூட்டிச் சொல்லிவிட வேண்டும். 'மியூசிக் ஃபார் ஏர்போர்ட்ஸ்' ஆல்பத்தின் இரண்டாவது பகுதியில் இருப்பவை மனிதக் குரலில் பாடிப் பதிவு செய்த தனித்தனி சுரங்கள். ஒவ்வொன்றும், இரு முனையும் ஒட்டி வளையமாக்கிய ஒரு காந்த நாடாவில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ஒரு வளையம் சுற்றிவர இருபத்து மூன்றரை நொடி, இன்னொன்றுக்கு 26 நொடிக்குச் சற்றுக் குறைவு, மற்றொன்றுக்கு 30 நொடிக்குச் சற்றுக் குறைவு. நீளங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததால் சுரங்கள் ஒவ்வொரு முறையும் வேறு வரிசையில் சந்திக்கின்றன, சில நேரம் சந்திக்காமலே கடந்துபோகின்றன. பல்லவிக்காகக் காத்திருக்கும் காதுக்கு இது சலிப்பூட்டும். அடுத்து எந்தச் சுரம் எதன்மேல் வந்து படியும் என்று கவனிக்கத் தொடங்கிய காதுக்கு அதே எட்டொன்பது நிமிடம் போதாமல் போகும். இந்த ஒரு விவரத்தைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. அது இல்லாமல் ஈனோவை அனுப்பிவைப்பவர் மேல் எனக்கு வருத்தம் உண்டு.

நல்ல இசை தன் காலில் தானே நிற்காதா, குறிப்பு எதற்கு என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் குறிப்பே இல்லாமல் நாம் கேட்கும் இசை என்று ஏதும் உண்டா? ஆலாபனையில் தாளத்தைத் தேடக் கூடாது என்பது கச்சேரிக்குப் போகிறவருக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்துப் பார்த்தே அது படிந்திருக்கும். திரைப்பாடலில் சரணம் எங்கே முடியும் என்பதையும் சிறு வயதிலிருந்தே காது அறியும். ஆம்பியன்ட் இசைக்குப் புதிதாக வருபவருக்கு அப்படிப் பக்கத்தில் யாரும் இல்லை. பரிந்துரைப்பவர் அந்த இடத்தை நிரப்புகிறார், அவ்வளவுதான். அதோடு, நம் ஊர்க் காதுக்கு இது முற்றிலும் அந்நியமும் அல்ல. இந்த வகைக்கு அடித்தளம் இட்டவர்களில் இருவரான லா மான்டி யங், டெர்ரி ரைலி, இருவருமே இந்துஸ்தானிப் பாடகர் பண்டிட் பிரான் நாத்திடம் சீடர்களாக இருந்தவர்கள். தம்புராவின் ஓயாத சுருதிக்குள் ஏற்கெனவே உட்கார்ந்து பழகியவரிடம், நீண்டு நிற்கும் ஒலிக்கு நியாயம் கற்பிக்க வேண்டியதே இல்லை.

ஆனால் எல்லாக் குறிப்பும் உதவாது, சில கெடுக்கும். வில்லியம் பாசின்ஸ்கியின் 'தி டிஸின்டெக்ரேஷன் லூப்ஸ்' இதற்கு நல்ல உதாரணம். 1980களில் பதிவு செய்த நாடா வளையங்களை 2001-இல் டிஜிட்டலுக்கு மாற்ற அவர் முயன்றபோது, ஒவ்வொரு சுற்றிலும் நாடாவின் காந்தப் பூச்சு உதிர்ந்துகொண்டே போனது. அந்த உதிர்தலே இசையாகப் பதிவானது. அதே ஆண்டு செப்டம்பர் 11 அன்று புரூக்ளின் மாடியிலிருந்து எரியும் நகரத்தைப் பார்த்தார். அன்றைய காட்சிகளே ஆல்பத்தின் உறைகளில் இடம்பெற்றன. இந்த இரண்டாவது கதையை முதலில் சொல்லிவிட்டால், கேட்பவர் கடைசி வரை துக்கத்தை மட்டுமே தேடுவார். ஒரு மணி நேரத்தைத் தாண்டும் முதல் பகுதியில் ஒரு சிறு மெட்டு கொஞ்சம் கொஞ்சமாக ஓட்டை விழுந்து மௌனமாவதை அவர் காது தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். அதனால் நாடாவைப் பற்றி முன்பே சொல்லலாம், செப்டம்பரைப் பற்றிக் கேட்டு முடித்த பிறகு சொல்லலாம் என்பது என் உறுதியான எண்ணம்.

சரண்ஜித் சிங்கின் கதையும் இப்படித்தான் கெடுகிறது. பம்பாய்த் திரையிசைக் குழுக்களில் வாசித்த அவர் 1982-இல் ரோலண்ட் நிறுவனத்தின் மூன்று கருவிகளைக் கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் பதிவு செய்தார். அப்போது யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை. 2010-இல் மறுவெளியீடு கண்டபோது, சிகாகோவில் 1987-இல் வெளியான 'ஆசிட் டிராக்ஸ்' என்ற நடன இசைத்தட்டின் ஒலியை ஐந்து ஆண்டு முன்பே தொட்டவர் என்று உலகம் கொண்டாடியது. பெருமைதான். ஆனால் யார் முந்தி என்ற விசாரணையோடு கேட்பவர் ராகத்தைத் தவறவிடுகிறார். ஹிந்தோளம் தெரிந்தவரை அதன் இந்துஸ்தானி இணையான மால்கவுன்ஸிலும், மோகனம் தெரிந்தவரை பூபாளியிலும், கல்யாணி தெரிந்தவரை யமனிலும் தொடங்கச் சொல்ல வேண்டும். அந்த மூன்று கருவிகளில் ஒன்றான, பேஸ் கிதாருக்கு மாற்றாகச் செய்த டிபி-303-இல் ஒரு சுரத்திலிருந்து அடுத்த சுரத்துக்கு வழுக்கும் வசதி உண்டு. அந்த வழுக்கல் ராகத்துக்கு எங்கே இசைகிறது, எங்கே இயந்திரமாகவே நின்றுவிடுகிறது என்பதைக் கேட்க நம்மவருக்கு இருக்கும் தகுதி வேறு பலருக்கு இல்லை.

கேட்கும் கருவியையும் விசாரிக்க வேண்டும். கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்பவரிடம் கொலோனைச் சேர்ந்த வொல்ஃப்காங் வோய்க்டின் 'கேஸ்' ஆல்பங்களைக் கொடுப்பது வீண். மூட்டத்துக்கு அடியில் துடிக்கும் தாழ்ந்த முரசொலி அதில் வரவே வராது. ஹெட்ஃபோன் வரும்வரை அவற்றைத் தள்ளிவைக்கலாம்.

தூங்க, படிக்க, யோகா செய்ய என்று செயலிகளே பட்டியல் தருகின்றனவே, நேரமும் இடமும் அவையும் சொல்கின்றனவே என்பதுதான் எனக்குக் கடினமாகப்படும் ஆட்சேபம். உண்மை, பயனை அவை சொல்கின்றன. ஆனால் இசைக்குத் தேவையான நீளத்தை அவை காப்பதில்லை. ஸ்பாட்டிஃபையில் 30 நொடி ஓடினால் ஒரு கேட்பு என்று கணக்கு. இரண்டு நிமிடத் துண்டும் ஒரு கேட்பு, பாசின்ஸ்கியின் ஒரு மணி நேரமும் ஒரு கேட்பு. அந்தக் கணக்கில் துண்டுகளே பெருகும், ஒரு கலைஞரின் துண்டுக்கு அடுத்து இன்னொருவரின் துண்டு ஓடும், யாருடையது என்று கேட்பவர் அறியமாட்டார். ஆல்பத்தைப் பரிந்துரைப்பவர் ஒருவருடைய முழு முடிவையும், அது எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பது உட்பட, கொண்டுபோய்ச் சேர்க்கிறார்.

புதிதாகத் தொடங்க நினைக்கும் வாசகருக்கு ஹிரோஷி யோஷிமுராவின் 'மியூசிக் ஃபார் நைன் போஸ்ட் கார்ட்ஸ்' என்ற 1982-ஆம் ஆண்டு ஆல்பத்தைச் சொல்வேன். டோக்கியோவின் ஹாரா அருங்காட்சியகத்தில் ஒலிக்கவிட்டபோது, இது எங்கே கிடைக்கும் என்று பார்வையாளர்கள் கேட்டதால் இசைத்தட்டாக வந்தது. 2017-இல் மறுவெளியீடும் ஆயிற்று. ஒன்பது சிறிய பகுதிகள், மின்பியானோவும் கீபோர்டும் மட்டும். வெளிச்சம் இருக்கும் நேரத்தில், ஜன்னலைத் திறந்து வைத்து, தெருச்சத்தம் உள்ளே வரும் அளவுக்குத் தாழ்வாக ஒலிக்கவிடுங்கள். கையில் வேறு வேலை இருக்கலாம், ஆனால் நடுவில் நிறுத்த வேண்டாம். பிடித்திருந்தால் ஈனோவிடம் போங்கள். பிடிக்காவிட்டால் சரண்ஜித் சிங்கைக் கொஞ்சம் சத்தமாகப் போடுங்கள்.