சத்திரத்திலிருந்து சிங்கப்பூர் வரை: முஸாஃபிரின் நேரக் கணக்கு

 

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் சற்று நின்று பாருங்கள். துறையூர், முசிறி, லால்குடிப் பேருந்துகளிலிருந்து இறங்குவோருள் சிலர் பெரும் பெட்டிகளுடன் விமான நிலையத்திற்கு வழி தேடுவர். சத்திரம் என்றால் வழிப்போக்கர் தங்குமிடம். பெயருக்கேற்ப இன்றும் இது பயணிகளின் இடமாகவே விளங்குகின்றது.

அவர்களுள் ஒருவர் சிங்கப்பூர் செல்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். வான்வழித் தொலைவு 3,000 கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு; பறக்கும் நேரம் ஏறத்தாழ 4 மணி. ஆயினும் அங்குள்ள கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி முந்தியது. ஆகவே போகும்போது ஆறரை மணி நேரம் கழிந்ததாகவும், திரும்பும்போது ஒன்றரை மணி நேரமே கழிந்ததாகவும் தோன்றும்.

தொழுகையோ கடிகாரத்தைப் பின்பற்றுவதன்று, சூரியனைப் பின்பற்றுவது. திருச்சிக்கும் சிங்கப்பூருக்கும் இடையே தீர்க்கரேகையில் 25 பாகை வேறுபாடு. பாகைக்கு 4 நிமிடமாக, சூரியக் கணக்கில் வேறுபாடு 1 மணி 40 நிமிடமே. முன்னாளில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறியோருக்கு இவ்வேறுபாடு ஒரு வாரத்தில், நாளுக்குக் கால் மணியாக வந்து சேர்ந்தது. இன்று அது 4 மணிக்குள் வந்துவிடுகின்றது.

இதனால் நேர்வது என்ன? பிற்பகல் ஒன்றரை மணிக்கு விமானம் புறப்பட்டால் அஸர் வக்து வானிலேயே தொடங்கி வானிலேயே முடிந்துவிடும். சிங்கப்பூரில் இறங்கித் தொழலாம் என்றிருப்பவருக்கு அது களாவாகிவிடும். ஷாஃபிஈ மத்ஹபில் பயணி ளுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழலாம். ஹனஃபி மத்ஹபினர் விமானத்திலேயே வக்துக்குள் தொழ வேண்டும்.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. துறையூர்க்காரர் தம் ஊர் எல்லையைத் தாண்டியதுமே முஸாஃபிராகிவிட்டார். சத்திரத்தில் நிற்கும்போதே அவருக்குக் கஸர் உண்டு. அவரருகே நிற்கும் திருச்சிக்காரர் இன்னும் தம் ஊரிலேயே இருக்கிறார். அவருக்கு அச்சலுகை தொடங்கவில்லை. ஒரே பேருந்து, ஒரே விமானம், சட்டமோ வேறு!

நோன்பு நோற்றுச் செல்பவருக்கும் ஒரு சொல். மேற்சொன்ன பயணத்தில், திருச்சியில் மாலை 5 மணி அளவாகும்போதே விமானத்தில் சூரியன் மறைந்துவிடும். அங்கேயே நோன்பு திறக்கலாம். வீட்டாரின் பாங்கிற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. மாறாக, மாலையில் மேற்கு நோக்கித் திரும்பும்போது பகல் நீளும். கீழே உள்ளவர்கள் நோன்பு திறந்திருந்தாலும், சன்னலில் சூரியன் தெரியும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

பயணச் சீட்டு வாங்கும்போதே அன்றைய தொழுகை நேரங்களையும் பாருங்கள். ஐயம் இருப்பின் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். மகனைக் காண முதன்முறை விமானம் ஏறும் தாய் தந்தையர்க்கு இதை முன்பே சொல்லி அனுப்புங்கள்.

வல்ல அல்லாஹ் நம் பயணங்களை இலேசாக்கி, தொழுகையைப் பேணும் பயணிகளாக நம்மை ஆக்கியருள்வானாக! ஆமீன்.