துதிக்கை தெரியும் வரை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவின் பழம்பொருள் கடைகளில், சுவரோரம் சாய்த்து வைத்த வாசல் நிலைகளைப் பார்க்கலாம். நகரத்தார் பர்மாவில் தொழில் நடத்திய காலத்தில் கப்பலேறி வந்த தேக்கு. 1942-இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்தபோது அந்தச் செல்வம் முறிந்தது. பிறகு பங்கு பிரிக்க முடியாமல் இடிபட்ட வீடுகளின் வாசல்களும் தூண்களும் சந்தைக்கு வந்தன.

அப்படி வந்த நிலை ஒன்று பாலிஷ்காரர் முன்னால் கிடக்கிறது. மேல்கட்டையில் கஜலட்சுமி. மேலே அடுக்கடுக்காகப் பச்சை எனாமல். துதிக்கை எங்கே முடிகிறது, கலசம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

பெயிண்ட் ரிமூவரைத் தடவி, பூச்சு இளகியதும் மூங்கில் குச்சியால் குழி குழியாக வழித்தெடுக்கிறார். இரும்புச் சுரண்டியைத் தொடமாட்டார்; பழைய ஆசாரியின் உளித்தடத்தை அது சீவிவிடும். காஸ்டிக் சோடா சீக்கிரம் வேலை முடிக்கும், தேக்கையும் கறுக்கடித்துவிடும். ஆணி இருந்த இடங்களில் கருவட்டங்கள்: இரும்பும் மரத்தின் துவர்ப்பும் ஈரத்தில் கலந்த கறை. கையுறை போட்டு ஆக்ஸாலிக் அமிலக் கரைசலைத் தடவினால் அது வெளுக்கும். பின்பு நன்றாகக் கழுவி, காயவிட வேண்டும்.

சாயம் ஏற்றுவதில்தான் சூட்சுமம்.

சமமான பலகையில் சாயம் ஒரே சீராகப் படியும். சிற்பத்தில் அப்படியல்ல. தாமரை இதழின் வளைவில் உளி நாரைக் குறுக்கே வெட்டியிருக்கும். வெட்டுவாய் சாயத்தை அதிகமாகக் குடிக்கும். தொழில் பழகிய நாளில் அவர் நேரடியாகச் சாயம் பூசிய ஒரு தூணில், இதழ் முனைகளெல்லாம் தீய்ந்ததுபோல் கறுத்துப்போயின. அன்றிலிருந்து, ஸ்பிரிட்டில் நீர்க்கக் கரைத்த அரக்கை முதலில் ஒரு கை பூசுகிறார். மரத்தின் தாகம் அடங்கிய பிறகே சாயம்.

உளுத்த இடத்தில் ஒட்டிய புதுத் தேக்கு வெளிறிக் கிடக்கும். மஞ்சள், சிவப்பு, ஒரு துளி கறுப்பு எனச் சாயத்தைக் கலந்து, அதே மரத்துண்டில் பூசி, வெயிலில் பிடித்துப் பார்க்கிறார். குழிகளில் சாயத்தை நிற்கவிட்டு, மேடுகளில் துணியால் துடைத்தெடுக்கிறார். நிழல் ஆழமாகிறது, துதிக்கை மேலெழுகிறது.

கடைசிப் பூச்சுக்கு முன், நிலை எங்கே நிற்கப்போகிறது என்று கேட்பார். உள்ளறை என்றால் அரக்குப் பாலிஷ் போதும்; அதன் மினுக்கம் மென்மையானது. தண்ணீர் பட்டால் அது வெளுத்துப் பூக்கும். அதனால், தெளித்துக் கழுவும் தலைவாசலுக்கு வெளிப்புறத்துக்கான பாலியூரிதேன்.

நிலையின் இரு கால்களிலும் மஞ்சளும் குங்குமமும் தலைமுறைகளாக ஏறி, ரேகைகளுக்குள் செம்மை படிந்திருக்கிறது. அந்த இடத்தில் மட்டும் அவர் உப்புத்தாள் போடவில்லை. பக்கத்தில் ஒட்டிய புதுத்துண்டுக்கு, அந்தச் செம்மையைப் பார்த்துப் பார்த்து, சிவப்பைச் சொட்டுச் சொட்டாகக் கூட்டிக்கொண்டிருக்கிறார்.